எம் என்றால் மாலோலோ

ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பு மகன் உவெலெசேவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கை சினேவாவும் உண்டு உறங்கி எழுந்து நடமாடுகிற சுகத்தோடு இருக்கிறோம். அந்த ஆக்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று காலை மாலை ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாமல் நாங்கள் ஆமென் சொல்வதில்லை. நான் சொல்லச் சொல்ல வழக்கம்போல சினேவாதான் எழுதுகிறாள், என் கையெழுத்தை நீயே கோழி கிண்டியது என்று சிரிப்பாயே. கோயில் கூரைப் பிரதிஷ்டைக்கு வந்த பெனினா அத்தை நாளைத் திங்கட்கிழமை விமானத்தில் திரும்புகிறாள், இந்தக் கடிதம் அவள் கையோடு வருகிறது. அம்மா கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் பொதிந்து பலுசாமி சுட்டு உறைய வைத்து ஒரு பெட்டி நிறையக் கொடுக்கிறாள், அத்தை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல கிழங்கு இலை இருக்கா, கோயில் மணி இருக்கா அண்ணி?” என்று கேட்டாள். நீ விமான நிலையத்துக்குப் போய் அவளிடமிருந்து வாங்கிக்கொள், அவள் முதுகு பாவம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழை வந்தால் வருகிறது, வெயில் வந்தால் போகிறது. பெரிய பன்றி ஒன்பது குட்டி போட்டது, ஒன்றை அதுவே மிதித்துவிட்டது. புயலில் சாய்ந்த ஈரப்பலா சாய்ந்தபடியே துளிர்த்திருக்கிறது, வெட்டாமல் விட்டிருக்கிறேன். சினேவா அறிவியலில் வகுப்பிலேயே முதல். இதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு எழுதுகிறாள்.

வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ இறைச்சிக் கூடத்தின் குளிர் அறையில் நின்று காசு சேர்த்து அனுப்பிய வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் உள்ளே இருக்கிற கருவியிலிருந்து அந்த ஜப்பான் பெண் ஏதோ சொல்கிறாள், உன் அம்மா ஒவ்வொரு முறையும் “உனக்கும் காலை வணக்கம்மா, சாப்பிட்டியா?” என்று பதில் சொல்கிறாள். இருபத்திரண்டு வருஷம் மரப் பஸ் ஓட்டிய என் இடது கால் இன்னும் கிளச்சைத் தேடிக்கொண்டிருக்கிறது, பழகிவிடும். அதன் கியர்ப் பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்துகளை நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஆர், டி இரண்டும் நம் மண்ணில் பிறக்காத எழுத்து, அதனால்தான் அவை ஓடுகின்றன. நிற்பதெல்லாம் நம் எழுத்து. பி என்றால் நம் போ, ராத்திரி, ராத்திரியில் வண்டி அதில் கிடக்க வேண்டும். என் என்றால் நோஃபோ, உட்கார். டி-க்குப் பக்கத்தில் தனியாக ஒரு எம் இருக்கிறது, அது மாலோலோ, ஓய்வு. அதற்கு மேலே ஒரு சிலுவை, கீழே படுத்த கோடு. ஜெபித்துவிட்டுப் படு என்று அர்த்தம். ஜப்பான்காரன் நம்மை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறான். ஏதாவது மரத்தடியில் காத்திருக்கும்போது எம்-இல் போட்டு வண்டிக்கு ஓய்வு கொடுக்கிறேன். லே மாஃபா கணவாயில் பஸ்ஸைப்போல உறுமாமல் எண்ணெய் தடவியதுபோல் இறங்குகிறது. நீ கவலைப்படாதே.

காலில் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள். வேலை முடிந்து வரும் ரயிலில் தூங்காதே. உனக்குப் பழக்கமான அந்தத் தோங்காப் பெண்ணைப் பற்றி அத்தை சொன்னாள். எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை, ரக்பி நாளில் மட்டும் அவளை இங்கே கூட்டி வராதே, ஊர்ப் பையன்கள் வாயை என்னால் கட்ட முடியாது. இன்னும் ஆசீர்வாதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், இப்போது சபைக் கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. சினேவா, கீழே இடம் விட்டு வை, காலையில் போடுகிறேன்.

அண்ணா, இதற்கு மேல் அப்பா சொல்லவில்லை. நான் சினேவா. இப்போது ராத்திரி, எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் வண்டிக்குள் உட்கார்ந்து கூரை விளக்கில் இந்தத் தாளின் முதுகில் எழுதுகிறேன். நம் வீட்டுக்குச் சுவர் ஏது, பாயில் படுத்தபடி பக்கம் திருப்பினாலே அம்மா “என்னடி?” என்பாள். நம் குடும்பத்தில் கதவு இருக்கிற ஒரே அறை நீ அனுப்பிய இந்த வண்டிதான். தொலைபேசி அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா எழுதச் சொன்னதில் ஒரே ஒரு வரி பொய். ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தார், நான் நிமிராமல் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அத்தையின் பொருட்களுக்கு ஒரு பெட்டி வாங்க நானும் அப்பாவும் மட்டும் ஆப்பியாவுக்குப் போனோம். கணவாய் உச்சியைத் தாண்டி ஃபலேஃபா பக்கம் இறங்கத் தொடங்கினோம். டி-இல் வண்டி தானாகவே வேகம் எடுத்துக்கொண்டே இருந்தது, அப்பா பிரேக்கை மிதித்தபடியே வந்தார், எடுக்கவே இல்லை. பாதி வழியில் ஒரு கருகல் வாசனை. “யாரோ கல்லு சுட உமு அடுப்பு மூட்டியிருக்காங்க” என்றார். அந்தச் சரிவில் வீடே கிடையாது அண்ணா. அடுத்த வளைவில் அவர் கால் பிரேக்கோடு தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. அவர் கத்தவில்லை. “சினேவா, காலை மடக்கி மேல வை, தலையக் குனிஞ்சுக்கோ கண்ணு” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். இடது பக்கம் மலையோரத்தில் சாலை வேலைக்குக் கொட்டியிருந்த சரளைக் குவியலில் வண்டியை ஏற்றினார். ஒரு பெரிய அரைக்கும் சத்தம், பிறகு நின்றது. வலது பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், மரங்களின் உச்சி மட்டும்தான். எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. அந்த நேரம் கிழங்கு ஏற்றிய ஒரு வண்டி கடந்து போனது, ஓட்டியவர் தலையை நீட்டி, “ஓய் பெரியவரே, உமு போட வேற இடமே கிடைக்கலியா?” என்று கூவினார். அப்பா உடனே, “கல்லு பழுத்திருக்கு, உன் கிழங்கை இறக்குடா!” என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வண்டி வளைவில் மறைந்ததும் அப்பா புல்லில் உட்கார்ந்தார். அவர் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார், அப்படியும் அவை நடுங்கின. நம் அப்பாவின் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

சக்கரம் ஆற ஒரு மணி நேரம் ஆனது. அப்போது சொன்னார், “பஸ்ஸு எவ்வளவு கனம், இதே சரிவுல இருபத்திரண்டு வருஷம் இறக்கினேன். ஏறின கியர்லயே இறக்கணும், அதான் சட்டம். ரெண்டாவதுல போட்டா என்ஜினே புடிச்சுக்கும், பிரேக்கு சும்மா காவலுக்குத்தான். இதுல எனக்குன்னு ஒரு கியரே இல்லியே, அதா பார்த்துப் போட்டுக்குது, அதா எடுத்துக்குது.” பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினார். “உன் அண்ணன் குளிர்ல நின்னு அனுப்பின வண்டி. இது அவன் காதுல விழுந்தா, அப்பாவுக்குக் கெட்ட வண்டியை அனுப்பிட்டேனேன்னு உருகிடுவான். அம்மாகிட்டயும் மூச்சு விடாத, அவ ரத்த அழுத்தம் உனக்குத் தெரியும்.” நான் சரி என்றேன். நான் சத்தியத்தை மீறுகிறேன் அண்ணா, நீ உருக வேண்டாம், கடைசிவரை படி.

மெல்லக் கீழே வந்து சேர்ந்ததும் ஒரு தென்னை நிழலில் நிறுத்தினார். “பாவம், களைச்சுப் போச்சு” என்று அதை எம்-இல் போட்டார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டி என்று காட்டுகிற இடத்தில் அப்போது ஒன்று என்ற எண் எரிந்ததை நான் பார்த்தேன். இளநீர் குடித்துவிட்டு வந்தவர் மறந்துபோய் எம்-இலேயே கிளப்பிவிட்டார். சமமான ரோட்டில் வண்டி ஊளையிட்டது. “ஐயோ, ஓய்வுல இருந்ததை எழுப்பிட்டேன், கோவிச்சுக்குது” என்று அவசரமாக டி-க்குத் தள்ளினார். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சின்ன வயதில் விடிவெள்ளிப் பஸ்ஸில் அவருக்குப் பின்னால் மரப்பலகையில் உட்கார்ந்து வருவேனே, உச்சியில் அவர் கியரைக் குறைக்கும்போது பஸ் அப்படித்தான் ஊளையிடும், உடனே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் மெதுவாகும். அது கோபச் சத்தம் இல்லை, பிடித்துக்கொள்கிற சத்தம். திரும்பி வரும்போது தெற்குப் பக்கச் சரிவில் அப்பா மூன்று இடத்தில் நிறுத்தினார். ஒரு தடவை அருவியைப் பார் என்றார், ஒரு தடவை ஒதுங்க வேண்டும் என்றார், மூன்றாவது தடவை ஒன்றுமே சொல்லாமல் நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

சற்றுமுன் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். கை பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினேன். அந்த ஜப்பான் பெண் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டேன். அவள் ஊருக்கே கேட்கும்படி பேசினாள், நாய் குரைத்தது, நான் இருக்கைக்குக் கீழே சுருண்டுகொண்டு ஒரு சங்கீதம் முழுவதும் மனதுக்குள் சொன்னேன். யாரும் வரவில்லை. பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு எம்-இல் போட்டேன். ஒன்று எரிந்தது. அப்பா சிலுவை என்கிறாரே, அந்தப் பக்கம் தட்டினேன், இரண்டு ஆனது. படுத்த கோட்டுப் பக்கம் இழுத்தேன், மறுபடி ஒன்று. அது சிலுவை இல்லை அண்ணா, கூட்டல். மற்றது கழித்தல். அப்பா இல்லை என்று புலம்பிய கியர் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத்தான் அவர் ஓய்வு என்று நினைத்து மரத்தடியில் மட்டும் போடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பா, அம்மா, அத்தை, நான், பெட்டிகள், கோயில் மணி கனத்தில் பலுசாமி, எல்லாம் அதே சரிவில் இறங்குகிறோம். வெள்ளிக்கிழமை இரண்டு பேர்தான் இருந்தோம். அப்பா மெதுவாகப் போனால் போதும் என்று நினைக்கிறார். நான் சொல்லலாம்தான், எப்படிச் சொல்ல? விடிவெள்ளி ஃபிலிமோனி என்றால் இந்தக் கரை முழுக்கத் தெரியும், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பார்கள். அவருக்கு அவர் மகள், வண்டியே ஓட்டத் தெரியாதவள், அத்தை முன்னால் பாடம் சொன்னால்? அத்தை வாயில் விழுந்தது ஆக்லாந்தில் எல்லாச் சபைக்கும் தெரிந்துவிடும். தனியாகச் சொல்லலாம் என்று இன்று இரண்டு முறை போனேன், “அந்த விஷயத்த மறந்துடுன்னு சொன்னேன்ல” என்றார், கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல.  நான் நினைப்பது சரிதானா என்பதும் தெரியவில்லை. நான் பார்த்தது நின்ற வண்டியில். நீ பக்கத்தில் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எம்-க்குத் தள்ளலாமா, ஏதாவது உடைந்துவிடுமா? வேறு யாரிடம் கேட்பது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாங்கள் இறங்கியிருப்போம், எப்படியோ. நாளை முன் இருக்கையில் நான் உட்காரப் போகிறேன், அம்மா முழங்கால் வலி என்றாலும் விடமாட்டேன். உச்சி வந்ததும் சொல்லிவிடுவேன். சொல்ல முடியாவிட்டால் நானே கையை நீட்டித் தள்ளிவிடுவேன்.  விளக்கு மங்குகிறது, பேட்டரி தீர்ந்தால் அதுவும் என் தலையில் விழும். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன், பிறகு எழுந்து இந்தத் தாளைக் கிழித்து அப்பா சொன்னதை மட்டும் புதிதாக எழுதுவதா, இப்படியே ஒட்டுவதா என்று

திங்கள், விமான நிலையம். மகனே, இது என் சொந்தக் கை. கோழி கிண்டியதாக இருந்தாலும் பொறுமையாகப் படி. உன் அத்தை பெட்டியை எடை போடுகிற வரிசையில் நிற்கிறாள், அதற்குள் முடிக்க வேண்டும்.

ராத்திரி ஜப்பான்காரி பேசினது எனக்குக் கேட்டது. சாவியைத் திருப்பாமல் அவள் யாருக்கும் வணக்கம் சொல்லமாட்டாள் என்பதால் எழுந்து வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இவள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒரு பயலுக்குக் கடிதம் என்று நினைத்தேன், கோபம் வந்தது, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சேவல் கூவுகிற நேரம் மறுபடி வந்தபோது தாளை மடியில் வைத்துக்கொண்டே தூங்கியிருந்தாள். பிள்ளையின் கடிதத்தைப் படிப்பது தப்புதான், ஆனால் அவள் என் கடிதத்தின் முதுகில் அல்லவா எழுதியிருக்கிறாள். படித்தேன். படித்துவிட்டு அந்தச் சாய்ந்த ஈரப்பலாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கணவாயில் நடுங்கிய கையை நான் முழங்காலுக்கு நடுவே மறைத்தேன், பயத்தை மட்டும் எடுத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டேன். அது மூன்று நாளாகச் சுமந்திருக்கிறது.

எழுப்பினேன். விழித்ததும் என் கையில் தாளைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டாள். நான், “தள்ளி உட்காரு, எந்தப் பக்கம் கூட்டல்னு காட்டு” என்றேன்.  இருட்டிலேயே கடலோரச் சம ரோட்டில் ஓட்டிப் போனோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தள்ளலாமா என்று உன்னைக் கேட்டிருக்கிறாளே, தள்ளலாம் மகனே, தள்ளிப் பார்த்துவிட்டோம். மெதுவாகப் போகும்போது எம்-க்குத் தள்ளினேன், மூன்று என்று எரிந்தது. கழித்தல் பக்கம் ஒரு தட்டு, இரண்டு. என்ஜின் ஊளையிட்டது, வண்டி பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. என் விடிவெள்ளி, அதே குரல். கோயில் மேட்டில் ஏறி நான்கு முறை இறங்கிப் பார்த்தோம், பிரேக்கைத் தொடாமலே. போதகர் விளக்கைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார், அப்பனும் மகளும் விடிவதற்கு முன் கோயிலைச் சுற்றுகிறார்கள் என்று என்ன நினைத்தாரோ.

கணவாய் உச்சியில் நிறுத்தி இரண்டில் போட்டு இறக்கினேன். சினேவா முன்னால் உட்கார்ந்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், ரெண்டு, ரெண்டு, இன்னும் ரெண்டு. அத்தை பின்னாலிருந்து, “என்ன இது, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியா, ரெண்டுக்கு மேல உங்க பிள்ளைக்கு எண்ணத் தெரியாதா?” என்றாள். பெரிய வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டேன். கீழே வந்ததும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அந்தத் தென்னை நிழலிலேயே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அத்தையும் கேட்டாள், கேட்கட்டும். உன் அம்மா விசிறியால் என் தோளில் மூன்று அடி அடித்தாள், பிறகு, “அவ்வளவு பெரிய பஸ்ஸ ஓட்டினவருக்கு ஒரு எழுத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்க வாயில்லாமப் போச்சே” என்றாள், பிறகு சினேவாவைப் பின் இருக்கைக்கு அழைத்து, அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆப்பியா வரும்வரை விடவில்லை.

ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதச் சொன்னேன். வண்டியில் குறை இல்லை, அதை அப்படியே வைத்துக்கொள். மறைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள். சூடேறிய பிரேக்கை இன்றைக்கே இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன். ஆனால் எழுத்து விஷயத்தில் நான் முழுக்கத் தோற்கவில்லை என்று சினேவாவிடம் வாதாடிக்கொண்டு வந்தேன். எம் என்றால் மாலோலோதான். ஓய்வு வண்டிக்கு இல்லை, பிரேக்குக்கு. அவள் சிரித்துவிட்டுச் சரி என்று ஒப்புக்கொண்டாள், நீயும் ஒப்புக்கொள்.

அத்தை கூப்பிடுகிறாள். நம் மூதாதையரைக் கடலில் வழிநடத்தியவர் உன்னையும் அந்தக் குளிர் நாட்டில் கைவிடாமல் நடத்துவார். நீயும் உன் கூட்டாளிகளோடு மலைப் பக்கம் வண்டி ஓட்டிப் போவாய், ஏறின கியரிலேயே இறங்கு. தெரியாததை யாரிடமாவது கேள், உன் அப்பனைப்போல இராதே. பலுசாமியில் பாதி அந்தத் தோங்காப் பெண்ணுக்கு. காலுறை, இரண்டு ஜோடி.

மேலே விட்டுவைத்த கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

உன் அப்பா,
ஃபிலிமோனி